மூணு கேள்வியச் சேத்து எடுத்துக்குவோம்

அப்பாடா, கேட்டுட்டேன். மைக்கைத் திருப்பிக் குடுத்தாச்சு, நாற்காலியில உக்காந்தாச்சு, இனிமே அது என் தொண்டைக்குள்ள இல்ல, வெளியில கிடக்கு, இந்த ஏசி ஹால்ல உக்காந்திருக்கிற அம்புட்டுப் பேருக்கும் பொதுவாக் கிடக்கு. முதுகுல சட்டை ஒட்டிக்கிச்சு. இந்தக் குளிர்ல எவனுக்காவது வேர்க்குமா, எனக்கு வேர்க்குது, ஆனா காய்ச்சல் விடுறப்ப வேர்க்குமே அந்த மாதிரி சுகமா வேர்க்குது. கேட்டுட்டேன்ல. கேக்காமலே ஐதராபாத்துக்கு ரயிலேறியிருந்தா நான் மனுஷனே இல்ல. மேடையில அந்தம்மா பதில் சொல்ல வாயத் திறந்தாங்க, பாத்தேன், முதல் வார்த்தை உதட்டுக்கே வந்திருச்சு, அதுக்குள்ள தலைமைக்கு உக்காந்திருக்கிற பேராசிரியர் திருமலைக்கொழுந்து கையத் தூக்கிட்டார். "மேடம், ஒரு நிமிஷம். சாப்பாட்டுக்கு நேரமாகுது. மூணு கேள்வியச் சேத்து எடுத்துக்குவோம், நீங்க மொத்தமாப் பதில் சொல்லிருங்க." போச்சுடா. கருத்தரங்கு நடத்துறவங்களுக்கு இப்படி ஒரு பழக்கம். நேரம் மிச்சம் பண்றாகளாம். முதல்ல கேட்டவன் கதி என்னன்னு எவனும் யோசிக்கிறதில்ல. முதல்ல கேட்டவன் நான். என் கேள்வி இப்ப அந்தரத்துல தொங்குது, இன்னும் ரெண்டு பேரு பேசி முடிக்கிற வரைக்கும் தொங்கும். தொங்கட்டும். கேட்டாச்சுல்ல, அது போதும்.

பதட்டத்துல எல்லாம் குழம்புது, ஒருதரம் ஒழுங்காச் சொல்லிப் பாத்துக்கிறேன். நான் கோமதிநாயகம், கோவில்பட்டிக்காரன், ஐதராபாத்துல ஒரு மருந்துக் கம்பெனியில கெமிஸ்ட். புதுசு புதுசா மூலக்கூறு செஞ்சு பாக்கிறது என் சோலி. ஆயிரக்கணக்குல செஞ்சா ஒண்ணு மருந்தாகும், மிச்சமெல்லாம் சாக்கடைக்கு. என் வலது பக்கத்துல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கிறவர் கோட்டேஸ்வர ராவ், எங்க ஆராய்ச்சிப் பிரிவுக்கே பெரியவர், என் சம்பளமும் தலையெழுத்தும் அவர் கையில. இடம் திருச்சி, ஒரு ஹோட்டல் மாடி. யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றவங்களையும் கம்பெனியில ஆராய்ச்சி பண்றவங்களையும் ஒரே கூரைக்குக் கீழ உக்கார வச்சுப் பேச விடுற கூட்டம் இது. பேனர்ல ரெண்டு கை குலுக்கிற மாதிரி படம் போட்டிருக்கான். காலையில இருந்து குலுக்குனதுதான் மிச்சம். அவங்க எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்க, நாங்க அவங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டோம், நடுவுல சமோசா. மேடையில நிக்கிறது டாக்டர் எஸ்தர் ஜெபராணி, யுனிவர்சிட்டிப் பேராசிரியை, நாசரேத்துப் பக்கம், பேச்சுலயே தெரியுது. இங்கிலீஷ்லதான் ஆரம்பிச்சாங்க. பின்வரிசை கொட்டாவி விடுறதப் பாத்துட்டு, "நம்ம பிள்ளையளுக்குத் தமிழ்லயே சொல்லிருதேன்"னு இறங்கிட்டாங்க. என்ன தைரியம் பாருங்க. மருந்துக்கு மசியாத டி.பி.க்கு ஒரு புது மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க. எலியில நல்லா வேலை செஞ்சிருக்கு. அடுத்து மனுஷங்க, ஆஸ்பத்திரி பேசி முடிச்சாச்சு, அனுமதி வந்ததும் ஆரம்பம்னு சொன்னாங்க. அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாரு திருமலைக்கொழுந்து, மிச்சப் படத்தையெல்லாம் கடகடன்னு தள்ளிக்கிட்டுப் போயி நன்றின்னு போட்ட படத்துல வந்து நின்னுட்டாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் தட்டல. அந்த மருந்து மனுஷனுக்குப் போகக் கூடாது. போனா கண்ணு போயிரும். அது எனக்குத் தெரியும், என் பக்கத்துல இருக்கிற ராவ் சாருக்குத் தெரியும், இந்த ஹால்ல வேற ஒருத்தருக்கும் தெரியாது.

ஏன் தெரியும்னா அந்த மருந்தைச் செஞ்சது நான். திரையில அதோட படம் விழுந்ததுமே அடையாளம் தெரிஞ்சு போச்சு. ரெண்டு வளையம், நடுவுல ஒரு கந்தகம், ஓரத்துல துருத்திக்கிட்டு ஒரு வால். மத்தவனுக்கு அது கோடும் கோணமும். எனக்குத் திருவிழாவுல தொலைச்ச பிள்ளைய வேற ஊர்ல, வேற சட்டையில பாத்த மாதிரி இருந்துச்சு. பேரு வேற, மூஞ்சி அதே மூஞ்சி. பன்னண்டு வருஷம் ஆச்சு. குடுவைக்குள்ள பிசுபிசுன்னு எண்ணெய் மாதிரி உக்காந்துக்கிட்டு, கட்டிப்பட மாட்டேன்னு என்ன அடம் பிடிச்சுச்சு. ஐஸ்ல வச்சேன், கெஞ்சினேன், கெட்ட வார்த்தையில வஞ்சேன். கடைசியில எங்க தொழில்ல ஒரு வித்தை இருக்கு, கண்ணாடிக் குச்சிய விட்டுக் குடுவையோட உள்சுவரைச் சுரண்டணும். ஏன் வேலை செய்யுதுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுவான், ஆனா வேலை செய்யும். கிறீச் கிறீச்னு சுரண்டிக்கிட்டே இருக்கேன், பக்கத்து மேசைக்காரன் பல்லு கூசுது நிறுத்துய்யாங்கிறான், பொசுக்குன்னு ஒரு ஊசி தெரிஞ்சுச்சு. அந்த ஊசியில இருந்து இன்னொரு ஊசி. கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள குடுவை பூராம் வெள்ளை. அன்னைக்கு வீட்டுக்குப் போயி சிரிச்ச சிரிப்பப் பாத்து என் வீட்டுக்காரி செண்பகம், "பிள்ளை பொறந்தப்பக்கூட நீங்க இப்படிச் சிரிக்கல"ன்னா. வாஸ்தவம்தான். டி.பி. கிருமி மேல போட்டுப் பாத்தாங்க, அம்புட்டும் காலி. நாங்க பேட்டண்டும் போடல, பேப்பரும் எழுதல, அதுக்குள்ள கதை முடிஞ்சு போச்சு. எஸ்தர் அம்மா வேற வழியா வந்திருக்காங்க. ஏதோ ஒரு செடியில கிடைச்சதைத் திருத்தித் திருத்தி, கடைசியில என் வாசலுக்கே வந்து சேந்துட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. இந்த வாசல் ஏற்கெனவே பூட்டிக் கிடக்குதுன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?

எங்க கதை எப்படி முடிஞ்சதுன்னா, நாயில முடிஞ்சது. மனுஷனுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி எலியிலயும் பாக்கணும், எலி அல்லாத ஒரு பிராணியிலயும் பாக்கணும், அது சட்டம். ரெண்டு வாரம் பாத்தாலே முதல் கட்டத்துக்குப் போதும். ரெண்டு வாரம் நாயெல்லாம் ஜம்முன்னுதான் இருந்துச்சு. ஆனா டி.பி. மருந்து மாசக்கணக்குல தின்ன வேண்டிய மருந்தாச்சே, எங்க ஆளுக விடாம தொடர்ந்து குடுத்தாங்க. மூணாவது மாசம் மீட்டிங்குல ஒரு வீடியோ போட்டாங்க. வெள்ளையும் தவிட்டு நிறமுமா ஒரு நாய். சோத்துத் தட்டு சத்தம் கேட்டு வாலாட்டிக்கிட்டு ஓடி வருது. ஓடி வந்து செவுத்துல நங்குன்னு மோதுது. மோதிட்டும் வாலை ஆட்டுது. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். ராவ் சார் வீடியோவ நிறுத்தச் சொல்லிட்டு, மூடிருங்கன்னார். மூடியாச்சு. ஏன் போச்சு எதுக்குப் போச்சுன்னு தோண்டிப் பாக்க எங்களுக்கு நேரம் ஏது, செத்த மருந்துக்கெல்லாம் போஸ்ட்மார்ட்டம் பண்ணிக்கிட்டிருந்தா கம்பெனி நடக்குமா. மூடுனதை வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வேற. நாம விழுந்த குழியில போட்டிக்காரனும் விழட்டும்னு ஒரு நல்லெண்ணம். போட்டிக்காரன் விழுந்தா நான் ஏன் கவலைப்படுறேன், விழட்டும், எந்திருப்பான். ஆனா இப்ப விழப்போறது அவன் இல்லியே. ஏற்கெனவே இருமி இருமி எலும்பாப் போன எவனோ ஒருத்தன், எவளோ ஒருத்தி, இந்த மருந்தாவது கேக்கும்னு நம்பி முழுங்குவாங்க. இருமல் நிக்கும். மூணாவது மாசம் வீட்டு வாசப்படி தட்டும். ரெண்டு வாரம் மட்டும் நாய்க்குக் குடுத்துப் பாத்துட்டு அந்தம்மா அனுமதிக்கு எழுதியிருந்தாங்கன்னா, எழுதியிருப்பாங்க, யாரும் அப்படித்தான் எழுதுவாங்க, அப்ப அவங்களுக்குக் கண்ணு சமாச்சாரம் தெரியவே தெரியாது.

எங்க ஆளுககிட்ட இதுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சொல்லத்தான் கூடாது, கேக்கலாம். கம்பெனிக்காரன் ஒருத்தன் எந்திரிச்சு ஈரலப் பாத்தீங்களான்னு கேட்டான்னா அவனுக்கு ஈரல்ல அடி விழுந்திருக்குன்னு அர்த்தம். இதயத்துடிப்பு எப்படின்னு கேட்டான்னா அங்க ஏதோ நின்னு போயிருக்கு. ஐதராபாத்துல எங்களுக்கெல்லாம் இந்த பாஷை தண்ணி பட்ட பாடு. கேக்கிறவன் கேட்டுட்டு உக்காந்துருவான், கேட்டுக்கிட்டவன் அன்னைக்கே லேபுக்குப் போன் பண்ணுவான், கையெழுத்தும் கெடாது, ஆளும் பிழைப்பான். அப்படித்தான் நானும் கை தூக்கினேன். தமிழ்லயே கேட்டேன். ராவ் சாருக்குத் தமிழ்ல வணக்கமும் சாம்பாரும்தான் தெரியும், அந்தம்மா தமிழுக்கு இறங்கினது எனக்குக் கடவுளாப் பாத்துப் பண்ணின உபகாரம். ஆனா யுனிவர்சிட்டி அம்மாவுக்கு இந்தக் கேள்வி பாஷை தெரியுமா? அவங்க உலகத்துல கேள்வின்னா கேள்விதான். இவன் யாருடா சந்தேகப் பிராணின்னு நினைச்சுக்கிட்டு, நல்ல கேள்வி சார், வருங்காலத்துல பாப்போம்னு சொல்லிட்டா? அதுதான் இந்தக் கூட்டங்கள்ல எல்லாத்துக்கும் சொல்ற பதிலு. வருங்காலத்துல பாப்போம். சரி விடு, நீ உன் கடமையச் செஞ்சுட்ட. மூச்சு எவ்வளவு லேசா வருது பாரு. அந்தப் படம் திரையில விழுந்ததுல இருந்து இந்த மூச்சு எங்க போயிருந்துச்சு.

ஆமா, நான் என்ன கேட்டேன்? சரியா என்ன வார்த்தை சொன்னேன்? "மேடம், எலிக்கு அடுத்தபடியா நாய்க்குக் குடுத்தீங்களா, நீண்ட நாளு"ன்னு ஆரம்பிச்சேன். அது வரைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கு அப்புறம் கண்ணுன்னு சொன்னேனா? கண்ணப் பாத்தீங்களான்னு கேக்கணும்னு மனசுக்குள்ள நூறு தடவை சொல்லிப் பாத்தேன், சொல்லிப் பாத்ததுனாலயே சொன்ன மாதிரி இருக்கு. வாயில வந்துச்சா மனசுல வந்துச்சா? ஏலே கூறுகெட்டவனே, கண்ணுன்னு சொல்லாம வெறும் நாய்னு கேட்டு வச்சேன்னா ஒரு பிரயோஜனமும் இல்ல. பாத்தோம் சார், நாயெல்லாம் நல்லாருக்குன்னுருவாங்க. ரெண்டு வாரம் நல்லாத்தான் இருக்கும். சரி, கண்ணுன்னு சொல்லியிருந்தேன்னா? அதுக்கும் ஒரு ஆப்பு இருக்கு. நாய்னா ராவ் சாருக்குப் புரியாது, தெலுங்குல அது வேற. ஆனா கண்ணுன்னா அங்கயும் கண்ணுதான். அந்த ஒரு வார்த்தை அவர் காதுல விழுந்திருந்தா முடிஞ்சது சோலி. திரும்பிப் பாக்கவும் பயமா இருக்கு. ஓரக்கண்ணால பாத்தேன். மூக்குக்கண்ணாடியக் கழட்டி வேட்டி நுனியில துடைக்கிற மாதிரி டையோட நுனியில துடைச்சுக்கிட்டிருக்கார். ஏன் இப்பப் போயி கண்ணாடியத் துடைக்கணும்? கண்ணுன்னு கேட்டதுனாலயா? சே, ஏசி குளிருக்கு எல்லார் கண்ணாடியும் மங்குது, முன்வரிசையில ரெண்டு பேரு துடைக்கிறாங்க, அவங்களுக்கு நான் என்னத்தச் சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ராவ் சார் இந்தப் பக்கம் சாஞ்சார். "ஏமி அடிகாவு?" என்ன கேட்டேன்னு கேக்கிறார். "டோஸ் சார், டோஸ் பத்தி"ன்னேன். தலையாட்டிட்டு நிமிந்துட்டார். அப்ப விழல. அப்ப நான் கண்ணுன்னு சொல்லல. ஐயோ, அப்ப சொல்லலியா?

ரெண்டாவது கேள்வி ஆரம்பிச்சிருச்சு. ஆரம்பிச்சுதுதான் தெரியும், முடியிறது எப்பன்னு ஆண்டவனுக்கே வெளிச்சம். ரிட்டயர் ஆன பேராசிரியர் ஒருத்தர், எல்லாக் கூட்டத்துக்கும் வருவார் போல, மைக்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். "ஒரு சின்னக் கருத்து மட்டும் சொல்லிக்கிறேன்"னார். அந்தச் சின்னக் கருத்து ஜெர்மனியில ஆரம்பிச்சுது. அங்க அவர் வாங்கின பட்டம், அங்க பெஞ்ச பனி, அங்க இருந்த ஒரு பெரிய விஞ்ஞானி இவர் முதுகுல தட்டிக் குடுத்தது. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. வெளிய சிரிக்க முடியாம உள்ளுக்குள்ள குலுங்குது, பதட்டத்துல வர்ற சிரிப்பு, இழவு வீட்டுல வருமே அது. பேசுங்கய்யா, நல்லாப் பேசுங்க, நீங்க பேசுற வரைக்கும் என் கேள்விக்குப் பதில் வராது, பதில் வராத வரைக்கும் அந்தம்மாவுக்குப் புரிஞ்சிருக்கும்னு நான் நம்பிக்கிட்டு இருக்கலாம். அவங்க முகத்தையே பாக்கிறேன். தண்ணி பாட்டிலத் திறந்து ஒரு வாய் குடிச்சாங்க. புரிஞ்சவங்க குடிக்கிற மாதிரியா, தாகத்துக்குக் குடிக்கிற மாதிரியா? பாட்டில மூடினாங்க. கம்ப்யூட்டர்ல எதையோ தட்டுறாங்க, பின்னாலயே போறாங்க, தட்டித் தட்டிப் போறாங்க, நன்றிப் படம் திரையில அப்படியே நிக்குது, அவங்க என்ன தேடுறாங்கன்னு நமக்குத் தெரியல. செண்பகம் மட்டும் இங்க இருந்தான்னா, வாயத் தொறந்து நாலு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்திரும்னு கேப்பா. எந்திரிச்சுப் போயி அவங்க காதுலயே சொல்ல வேண்டியதுதானேம்பா. அவளுக்கென்ன, லேசாச் சொல்லுவா. எனக்கு மட்டும் ஆசை இல்லியா. சாப்பாட்டு வரிசையில தட்டோட பக்கத்துல போயி நின்னு, மேடம், ரசம் நல்லாருக்கு, அந்த மருந்து வேண்டாம்னு சொல்லிட்டு வந்துரலாம். சொன்னா எவன் பாக்கப் போறான். எவனும் பாக்க மாட்டான்னு நினைக்கிற இடத்துலதான் ராவ் சார் தயிர்ச் சாதத்தோட வந்து நிப்பார். ஆனா இப்ப அந்தப் பயம்கூட முன்ன மாதிரி கடிக்கல. ஒருதரம் கேட்டவனுக்கு ரெண்டாந்தரம் கேக்கிறது பெரிய காரியமா என்ன. நாயெல்லாம் நல்லாருக்குன்னு மட்டும் அவங்க பதில் சொன்னா நான் போயிச் சொல்லிருவேன். சொல்லிருவேன்தான். இந்த முடிவுக்கு வந்ததும் தோள்பட்டை ரெண்டும் கீழ இறங்கிருச்சு, அது வரைக்கும் காதுக்குப் பக்கத்துல தூக்கி வச்சிருந்திருக்கேன், எனக்கே தெரியல. வேலை போனாப் போகுது. கோவில்பட்டியில கெமிஸ்ட்ரி டியூசன் எடுத்தாலும் சோறு கிடைக்கும்.

ஜெர்மனி முடிஞ்சிருச்சு, கைதட்டக்கூடச் சில பேரு தட்டிட்டாங்க, முடிஞ்ச சந்தோசத்துல. மூணாவது ஒரு மாணவி, பின்வரிசை, துப்பட்டாவத் திருகிக்கிட்டே நல்ல கேள்வியாக் கேட்டுச்சு, சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிடணுமா பின்னாடியான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்க ஒண்ணுமில்ல, மருந்தோட தலைவிதியே சில சமயம் அதுலதான் இருக்கு. திருமலைக்கொழுந்து, "மேடம், சுருக்கமா"ன்னார். எஸ்தர் அம்மா மைக்கப் பக்கத்துல இழுத்துக்கிட்டு, "முதல் கேள்விதான் பெரிய கேள்வி, அத கடைசியா எடுத்துக்கிடுதேன்"னாங்க. போச்சு. என் உசிர வாங்குறதுன்னே முடிவு பண்ணிட்டாங்க. மாணவிக்குச் சொன்னாங்க, சாப்பாட்டுக்குப் பின்னாடி. ஜெர்மனிக்காரருக்கு நன்றி சொன்னாங்க. அது வரைக்கும் நான் மூச்சு விட்டேனான்னு எனக்குத் தெரியாது. பெரிய கேள்வின்னாங்களே, பெரிய கேள்வின்னா புரிஞ்சிருக்கு. இல்ல, மரியாதைக்குச் சொல்றதா? எல்லாக் கேள்வியையும் பெரிய கேள்வின்னு சொல்றது மேடைப் பழக்கம். "அந்தப் படத்துக்கு நான் வாறதுக்குள்ள ஐயா பெல் அடிச்சிட்டாங்க"ன்னு சொல்லிக்கிட்டே ஒரு தட்டு தட்டினாங்க. நன்றி போயி, திரை பூராம் ஒரு கண்ணு வந்து நின்னுச்சு. நாயோட கண்ணு. உள்பக்கத்துப் படம், செக்கச்செவேல்னு, நடுவுல வெந்து போன மாதிரி ஒரு பட்டை.

"சார் கண்ணப் பாத்தியளான்னு கேட்டாங்க. பாத்தோம்." அப்ப நான் கண்ணுன்னு சொல்லியிருக்கேன்! சொல்லியிருக்கேன்டா! "நாய்க்கு மூணு மாசத்துல கண்ணு போச்சு. எங்க லேபுல அன்னைக்கு யாரும் சாப்பிடல. மூடிரலாம்னுதான் எல்லாரும் சொன்னாவ, நானும் சரின்னுட்டேன்." ஐயோ, தெரியும், அவங்களுக்குத் தெரியும். நான் சொல்லாமலே தெரியும். இனிமே எவனும் குருடாக மாட்டான். நாற்காலியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். சிரிப்பா அழுகையான்னு தெரியாம மூக்கு உறிஞ்சுறேன், ஏசி சளின்னு நினைச்சுக்கட்டும். அதோட நிக்கல அவங்க. அடுத்த படம் போட்டாங்க. "அப்புறம் யோசிச்சோம். எலிக்குப் போகாதது நாய்க்கு ஏன் போகணும்? நாய்க்குக் கண்ணுக்குப் பின்னாடி தகடு மாதிரி ஒண்ணு இருக்கு. ராத்திரி ரோட்டுல வண்டி லைட்டு பட்டா பச்சையா மின்னுதுல்லா, அதுதான். அந்தத் தகடுல துத்தநாகம் குவிஞ்சு கிடக்கும். நம்ம மருந்து போயி அந்தத் துத்தநாகத்தப் பிடிச்சுக்கிடுது. தகடு வெந்துருது, அதோட சேந்து கண்ணும் போயிருது. மனுஷனுக்கு அந்தத் தகடே கிடையாது. குரங்குக்கும் கிடையாது. குரங்குக்கு ஆறு மாசம் குடுத்தாச்சு. கண்ணு டாக்டரே வந்து பாத்தாவ. ஒரு குறையும் இல்ல." குரங்கோட கண்ணு திரையில வந்துச்சு. சுத்தமான கண்ணு.

தகடு. மனுஷனுக்கு இல்லாத தகடு. பன்னண்டு வருஷமா நான் செத்துப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தது சாகல. நாய்க்கு ஆகாது, அம்புட்டுதான், நமக்கு ஆகும். என் வெள்ளை ஊசி, நான் சுரண்டிச் சுரண்டி வரவழைச்சது, அது நல்ல பிள்ளைதான். பாவி மட்டைகளா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் உக்காந்து யோசிச்சிருந்தா எங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். இல்ல, ஊருக்குச் சொல்லியிருந்தா ஊரு யோசிச்சிருக்கும், எவனாவது ஒரு கண்ணு டாக்டரு படிச்சிட்டு, அட கிறுக்குப்பயலுகளா இது நாய்த் தகடுடான்னு எழுதியிருப்பான். வாயப் பொத்திக்கிட்டதுல போட்டிக்காரன் விழுந்தானோ இல்லியோ, நாங்க விழுந்த குழியிலயே இத்தனை வருஷம் உக்காந்திருக்கோம். ஆத்திரம் வருது, வந்த வேகத்துலயே கரைஞ்சு போகுது. இன்னைக்கு ஆத்திரப்பட முடியல என்னால. எஸ்தர் ஜெபராணியப் பாத்துக் கும்பிடணும் போல இருக்கு. அவங்க படத்தை அப்படியே விட்டுட்டு ஹாலப் பொதுவாப் பாத்துச் சொன்னாங்க: "இதக் கண்டுபிடிக்க எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. எங்களுக்கு முன்னாடியே யாராவது இந்த மருந்தச் செஞ்சு, இதே கண்ணப் பாத்துப் பயந்து மூடி வச்சிருந்தாவன்னா, அவங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன், பயப்படாண்டாம். அது நாயோட நோவு. ஆனா ஒரு வார்த்தை அப்பவே சொல்லியிருந்தாவன்னா, நாங்க இன்னொருக்கா அந்த நாயளுக்குக் குடுத்திருக்கவே மாட்டோம்." சிரிச்ச முகமாத்தான் சொன்னாங்க. என்னைப் பாத்துச் சொல்லல. ஆனா எனக்கு அந்த வீடியோ நாய் செவுத்துல மோதின சத்தம் காதுல கேட்டுச்சு. எங்க நாய் பத்தாதுன்னு அவங்க நாயும் மோதியிருக்கு. அதுக்கு ஒரு அவசியமும் இல்ல.

ஹால் எந்திரிக்க ஆரம்பிச்சிருச்சு, நாற்காலி இழுபடுற சத்தம், தட்டுச் சத்தம் வெளியில. நான் எந்திரிக்கல. ராவ் சாரும் எந்திரிக்கல. திரையில இருந்த குரங்குக் கண்ணையே பாத்துக்கிட்டிருக்கார், அந்தம்மா காட்டுன படத்துல எல்லாம் இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, அவருக்குத் தமிழ் தேவையே இல்ல. கண்ணாடியக் கழட்டி மடியில வச்சார். பெரிய மனுஷன் முகம் இப்படி இளகி நான் பாத்ததே இல்ல, மூடிருங்கன்னு சொன்ன அன்னைக்கு இருந்த முகத்துக்கு நேர் எதிரா இருந்துச்சு. இந்த மனுஷனும் சுமந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கார், பக்கத்து அறையில, என்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லாம. "மன மந்து," அப்படின்னார் மெல்ல. நம்ம மருந்துங்கிறார். நான் தலைய ஆட்டினேன். என் முழங்கையில கை வச்சு லேசாத் தள்ளினார். "செப்பு, நாயகம்." செப்புன்னா சொல்லு. சட்டுன்னு நம்ப முடியல, அவர் முகத்தையே பாத்தேன், அவர் இன்னொருதரம் தள்ளினார். எந்திரிச்சேன். மைக்கு வச்சிருந்த பொண்ணு வயரைச் சுத்திக்கிட்டிருந்துச்சு, குடும்மான்னு வாங்கினேன். திருமலைக்கொழுந்து மேடையில இருந்தே கைய ஆட்டினார். "சார், நேரம் முடிஞ்சது, இனிமே கேள்வி எடுக்க முடியாது."

"கேள்வி இல்லைங்கய்யா, பதிலு"ன்னேன். "மேடம், அந்த மருந்த நாங்களும் செஞ்சோம். எங்க நாய்க்கும் கண்ணு போச்சு."